அத்தைக்கு ஒரு பாவாடை

எனக்கு ஒரு அத்தை உண்டு. நான் பார்த்ததில்லை. என் அப்பா கடைசியாகப் பார்த்தபோது அவளுக்கு மூன்று வயது, அப்பாவுக்கு ஆறு.

சண்டைக் காலத்தில் ரங்கூனிலிருந்து ஊர் திரும்பியவர்களை ஏற்றி வந்த கப்பல் ஒன்று ஆந்திரக் கரைக்குப் பக்கத்தில் மணல்திட்டில் மோதி உடைந்தது. மீனவர்கள் கட்டுமரத்தில் வந்து முதலில் பிள்ளைகளை இறக்கினார்கள். மரத்துக்கு ஒரு பிள்ளை. பயத்தில் அப்பா முந்திக்கொண்டார். கரையில் நின்று அடுத்தடுத்து வந்த மரங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். தங்கச்சி வரவில்லை, அவர்களுடைய அம்மாவும் வரவில்லை. "அந்த மரம் வேற கரைக்கு ஒதுங்கியிருக்கும்" என்று யாரோ ஆறுதலுக்குச் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையை எண்பத்தெட்டு வயது வரைக்கும் அப்பா விடவில்லை.

அதே கப்பலில் வந்த ஒருவர் மாட்டுப்பட்டிப் பக்கம் தேயிலை எஸ்டேட்டுக்கு அவரைக் கூட்டி வந்து வளர்த்தார். நான் பிறந்ததெல்லாம் அங்கே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில்தான். அப்பாவிடம் கப்பலைப் பற்றி ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஒன்றை மட்டும் அவராகவே சொல்வார்: "தங்கச்சி குளிருதுன்னு அழுதா. என் சட்டையக் கழட்டிப் போட்டுவிட்டேன். பொத்தான மாத்தி மாத்திப் போட்டுட்டேன்."

தீபாவளிக்குத் துணி எடுக்கும்போது தங்கச்சிக்கென்று ஒன்று கூடுதலாக எடுப்பார். அவர் கல்யாணத்துக்கு முன்னால் அது பாவாடையாகவும் தாவணியாகவும் இருந்ததாம். எனக்கு நினைவு தெரிந்தபோது புடவை. அத்தை வயதில் லயத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். பின்னாளில், "இந்த வயசுக்கு இம்புட்டு செவப்பு ஆகாது" என்று சாம்பல் கலரில் தேட ஆரம்பித்தார். "உங்க அத்தைக்காரி கல்யாணம் ஆகாமலே கெழவி ஆயிட்டாடி" என்று அம்மா என்னிடம் கேலி பேசுவாள். அப்பா காதில் விழாத மாதிரிதான்.

அம்மாவுக்கு வேறு கவலை. எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறியவர்கள். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். ஓலைப்பெட்டியில் புதுப் பாவாடை, வளையல், கண்ணாடி வைத்து வருஷத்துக்கு ஒரு தடவை கும்பிட வேண்டும். "தாயில்லாப் பிள்ளை, தண்ணியில போனவ. ஒரு பாவாடை வச்சா குளிர்ந்து போவா" என்று அம்மா கெஞ்சுவாள். அப்பா ஒரே போடு போடுவார்: "உசுரோட இருக்கவளுக்கு எவனாச்சும் பெட்டி வைப்பானா?" அன்றைக்கு அடுப்பு எரிந்தும் யாரும் சாப்பிட மாட்டோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்து, "நீயாவது அவளுக்கு வச்சிரு" என்றாள். நான் கொழிஞ்சாம்பாறையில் வாழ்க்கைப்பட்டவள், பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். காரியம் முடிந்ததும் அப்பாவை இங்கே கூட்டி வந்து, அம்மா சொன்னதைச் சொன்னேன். எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

எனக்குக் கோபம். சாகிறவள் கேட்ட ஒன்றைக்கூடச் செய்யவிடாத மனுஷன்! அந்தக் கோபத்தில்தான் தேட ஆரம்பித்தேன். பாசத்தால் தேடினேன் என்று சொன்னால் பொய்.

பழைய செய்தித்தாள்களில் கப்பல் உடைந்த சேதி கிடைத்தது. கப்பல் முதலாளிகள் பற்றி ஒரு பத்தி, சரக்கு பற்றி ஒரு பத்தி, பிள்ளைகளுக்கு ஒரே வரி. அந்தக் கரையோர ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் எழுதிப் போட்டேன். எட்டு மாதம் கழித்து ஓர் ஆசிரியர் கூப்பிட்டார். பிள்ளைகளை ஏற்றி வந்தவர்களில் ஒருவருடைய மகன் இன்னும் இருக்கிறார், வீடியோவில் பேச வைக்கிறேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் அப்பாவும் போனுக்கு முன்னால் உட்கார்ந்தோம். அப்பா சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கிழவர் தெலுங்கில் பேச, ஆசிரியர் இங்கிலீஷில் எனக்குச் சொன்னார்; நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். கப்பலில் இருந்த பெண்கள் புடவையை அவிழ்த்து, பிள்ளைகளின் அக்குளுக்கடியில் கட்டி இறக்கினார்களாம். மீனவர்களுக்குத் துடுப்புப் போட இரண்டு கையும் வேண்டும். அதனால் பிள்ளையை மரத்தில் குப்புறப் படுக்கவைத்து, தங்கள் இடுப்புத் துணியாலேயே மரத்தோடு சேர்த்துக் கட்டினார்கள். அலை பிள்ளையைக் கொண்டுபோகக் கூடாது என்று போட்ட முடிச்சு அது. கிழவரின் அப்பாவுடைய மரம் கரைக்குக் கிட்ட வந்து கவிழ்ந்தது. நனைந்த முடிச்சு அவிழவில்லை. கரையில் கொண்டுவந்துதான் அறுத்தார்கள்.

'இது எந்தப் பிள்ளையோ, ஒன்றும் தெரியவில்லையாம்' என்று அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் கிழவர் மறுபடி ஏதோ சொல்லி, தன் சட்டையைப் பிடித்துக் காட்டினார். பொத்தான்களைத் தொட்டு, மேலும் கீழுமாகக் கோணலாக விரலை இழுத்தார். ஆண்பிள்ளை என்று நினைத்திருந்தார்களாம், குளிப்பாட்டிப் புதைக்கும்போதுதான் பெண் என்று தெரிந்ததாம். ஆசிரியர் அதைச் சொல்லி முடிக்கும் முன்பே அப்பா எழுந்து நின்றுவிட்டார். கிழவர் அந்தப் பக்கம் கையெடுத்துக் கும்பிட்டார். அப்பாவும் கும்பிட்டார்.

அம்மா கட்சிதான் ஜெயித்தது. எனக்கு அழுகையாக வந்தது. எண்பத்தெட்டு வயது மனுஷனிடம் இருந்த ஒரே தங்கச்சியை நான் பிடுங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். வேண்டாத வேலை பார்த்துவிட்டேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்பா பத்து நாள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பதினோராம் நாள், "ஏம்மா, துணிக்கடைக்குப் போவமா?" என்றார்.

கடைத்தெருவில் எப்போதும் போகிற கடைதான். எங்களைக் கண்டதும் கடைப்பெண் வழக்கம்போலச் சாம்பல் கலர்ப் புடவைகளை எடுத்துப் போட்டாள். அப்பா அதைத் தொடவில்லை.

"பட்டுப்பாவாடை காட்டும்மா."

"பேத்திக்குங்களா ஐயா? பாப்பாவுக்கு என்ன வயசுங்க?"

அப்பா கையைத் தன் தொடை உயரத்துக்குக் கொண்டுபோய், கொஞ்சம் இறக்கி, அப்படியே வைத்திருந்தார். "மூணு."

அவள் சிவப்பில் ஒன்றை விரித்தாள். "ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்குங்க ஐயா. வளர்ற புள்ளைதானுங்களே."

"வேண்டாம்மா" என்றார் அப்பா. "அளவாவே குடு."