ஞாயிற்றுக்கிழமைக்கு இரட்டைச் சம்பளம்

தங்கை மகள் தன் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பகலில் என்னிடம் விடுவதற்குச் சம்பளம் பேசப் புருஷனோடு வந்த அன்று, நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்க வேண்டும்.

ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்து வெளியே வந்தவன் நான். படிப்பு எட்டாவது. மனைவி போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. தங்கை மகள் அடுத்த தெருவில் இருக்கிறாள். பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனியில் கணக்கு எழுதப் போகிறாள். அவள் புருஷன் லோடு வண்டி ஓட்டுகிறார். அவள் மாமியாரும் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் மூட்டு வலி. ஓடுகிற பிள்ளைக்குப் பின்னால் அவரால் ஓட முடியாது.

"சம்பளம் எதுக்குட்டி, சும்மாவே பாத்துக்கிடுதேன்" என்றுதான் முதலில் சொன்னேன்.

"அது சரிப்படாது மாமா. சும்மா விட்டா, ஒரு நாள் பஸ் பிந்தி வந்தாலும் எனக்குக் கூசும். ஒங்களுக்கு மேலுக்கு முடியலன்னா வாய்விட்டுச் சொல்ல ஒங்களுக்குக் கூசும். காப்பகத்துல ஐயாயிரம் கேக்காக. அதையே ஒங்களுக்குத் தாரோம்."

"அங்க பத்துப் பிள்ளைக்கு ஒரு ஆளு. இங்க ஒரு பிள்ளைக்கு ஒரு ஆளுல்லா?"

"இவ ஒருத்தியே பத்துப் பிள்ளைக்குச் சமம். ரேட்டு சரிதான் மாமா."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு வருகிற பென்ஷன் அரிசிக்கும் கரண்டுக்குமே சரியாக இருந்தது. அதனால் சரி என்றேன். அத்தோடு விட்டிருக்கலாம். மில்லில் சங்கத்துக்காரர்களோடு சுற்றிய பழக்கம், நாக்கில் வந்துவிட்டது.

"அப்படின்னா வார லீவு வேணும். ஞாயித்துக்கிழமை வேல பாத்தா ரெட்டைச் சம்பளம். மில்லுல அதுதான் முறை."

வேடிக்கையாகத்தான் சொன்னேன், பாதிக்கு மேல். அவள் புருஷன் வேடிக்கை தெரியாத மனுஷர். "நியாயந்தான். அப்படியே வச்சுக்கிடுவோம்" என்று தலையாட்டினார்.

காலை எட்டரைக்குப் பிள்ளை வந்துவிடும். நான் குளித்து விளக்கேற்றி வைத்திருப்பேன். நேரே பெருமாள் படத்துக்கு முன்னால் போய் நின்று "கோந்தா" என்று கும்பிடும். படத்துக்குச் சாத்திய துளசியைப் பறித்து வாயில் போட்டுக்கொள்ளும். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று விட்டுவிடுவேன். மத்தியானம் பருப்புச் சோறு ஊட்ட வேண்டுமென்றால் தெரு முனைக்கும் வீட்டுக்கும் நாலு நடை நடக்க வேண்டும். காக்காய்க்கு ஒரு வாய், நாய்க்கு ஒரு வாய், பிறகுதான் அதற்கு ஒரு வாய்.

"என்ன அண்ணே, கொடியில ஒங்க வேட்டிக்கு எடமே இல்ல, பூரா இவ ஜட்டிதான் கெடக்கு" என்பார் எதிர்வீட்டம்மா.

"சம்பளம் வாங்குதோம்லா, சும்மாவா?" என்பேன். அப்படிச் சொல்வதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

முதல் ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கினேன். இரண்டாவது ஞாயிறு பாத்திரங்களையெல்லாம் தேய்த்துக் கவிழ்த்தேன். மூன்றாவது ஞாயிறிலிருந்து எனக்கு வீடு ஒத்துக்கொள்ளவில்லை. வாரம் முழுக்க "வேண்டாம், தொடாதே, விழுந்துருவ" என்று கத்திய தொண்டை, அன்று சாயங்காலம் டீக்கடையில் "ஒரு டீ" என்று கேட்கும்போதுதான் திறக்கும். மனைவி இறந்த பிறகு எனக்கு எல்லா நாளும் இப்படித்தான் இருந்தது. அப்போது பழகியிருந்தேன். ஆறு நாள் சத்தம் கேட்ட பிறகு ஏழாம் நாள் பழக மாட்டேன் என்கிறது.

ஒரு ஞாயிறு மனசு கேட்காமல் அவர்கள் வீட்டுக்கே போனேன். பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. மாமியார் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"என்ன அண்ணே, இன்னைக்கும் டூட்டியா? எம் மவனுக்குக் கட்டுபடியாகாதே!" என்று சிரித்தார். குணம் கெட்டவர் இல்லை, சும்மா கேலிக்குத்தான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே காப்பியைக் குடித்துவிட்டு, பிள்ளை முழிப்பதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகவே இல்லை.

அதன் பிறகு ஞாயிறானால் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போவது வழக்கமாயிற்று. தாயார் சன்னிதியில் நின்று நான் வேண்டிக்கொண்டதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. "தாயே, ஞாயித்துக்கிழமை அவியளுக்கு ஏதாவது ஜோலி வரட்டும்." சுகம் கொடு, ஆயுசு கொடு என்று சுற்றிலும் ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்க, நான் இதைக் கேட்டேன்.

ஜோலி வந்தது. தளவாய்புரத்தில் ஒரு கல்யாணம், பிள்ளைக்குச் சளி, கூட்டிப் போக முடியாது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து சொன்னாள். அன்றைக்கே நான் பால் சொல்லிவைத்தேன், பாயை உதறி வைத்தேன். ஞாயிறு முழுக்கப் பிள்ளை என் நெஞ்சில் மூக்கைத் துடைத்துக்கொண்டே கிடந்தது. அவ்வளவுதான், வேறு ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

சாயங்காலம் பட்டுச்சேலையோடு வந்தவள் பணத்தை நீட்டினாள். நான் கையை நீட்டவில்லை.

"வேண்டாம்ட்டி."

"பேசுனது பேசுனதுதான் மாமா. இத வேண்டாம்னா, நாளைக்கு நான் எப்படிப் பிள்ளைய விட்டுட்டு நிம்மதியாப் போவேன்?"

வாங்கிக்கொண்டேன். ஆனால் அன்று விடக்கூடாது என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

"அந்த ரெட்டைச் சம்பளப் பேச்ச விட்டுருவோம் தாயி. எனக்கு லீவே வேண்டாம். ஞாயித்துக்கிழமையும் கொண்டாந்து விடு. ஒத்தப் பைசா கூடத் தர வேண்டாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "பணம் பத்தலையா மாமா? நேராச் சொல்லுங்க. ஐநூறு கூட்டித் தாரேன்."

"பணமில்லட்டி. வீடு சும்மா கெடக்கு."

பிள்ளையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"காலைல எட்டரைக்கு விடுதேன், சாயந்தரம் ஏழுக்கு வாங்குதேன். வாங்குனதும் தூங்கிருதா. ஞாயித்துக்கிழமை ஒரு நாளுதான் மாமா இவ எங்கிட்ட இருக்கா. தூக்கத்துல 'தாத்தா'ன்னுதான் ஒளறுதா. இன்னைக்குக் கல்யாண வீட்ல எனக்கு பச்சத் தண்ணிகூட எறங்கல."

இத்தனை மாசமும் என் பேச்சுதான் ஞாயிறைக் கெடுத்தது, அதை வாபஸ் வாங்கினால் சரியாகிவிடும் என்று நினைத்திருந்தேன். அவளுக்கும் ஒரு நாள்தான் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. அவளிடமிருந்து அந்த ஒரு நாளையும் பிடுங்கித் தரச் சொல்லித்தான் தாயாரிடம் போய் வாரம் தவறாமல் நின்றிருக்கிறேன்.

"அது ஒன் நாளு தாயி. நான் பேசுனத மறந்துரு" என்றேன்.

"மத்தியானம் சாப்பிட வாங்க மாமா, ஞாயித்துக்கிழமை" என்றாள். வாரேன் என்றேன். இதுவரை போகவில்லை. போனால் பிள்ளை என் மடிக்குத்தான் வரும்.

அந்த ஞாயிறுக்கு மறுநாள் காலை கொண்டுவந்து விட்டபோது, பிள்ளை அவள் சேலை முந்தியை விடாமல் அழுதது. வேறு நாளாக இருந்தால் வெடுக்கென்று வாங்கி உள்ளே போய் ஏதாவது பாத்திரத்தைத் தட்டி மறக்கடித்துவிடுவேன். அதில் நான் கெட்டிக்காரன். அன்று அப்படிச் செய்யவில்லை. "பஸ் போயிரும் மாமா" என்று அவள் சொல்லச் சொல்ல, அழுகிற பிள்ளையை அவள் தோளிலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.