நேரம் மாற்றிய ஞாயிறும் ஆட்டிறைச்சிக் கொத்தும்

லண்டன் மோர்டனில் டொலறஸ் அக்காவைத் தெரியாத தமிழர் யாராவது இருந்தால், அவர் நேற்றுத்தான் குடிவந்திருக்க வேண்டும். மன்னார்ப் பெண். ஹவுன்ஸ்லோவில் விமான நிலையக் கன்ரீனில் வேலை. ஞாயிறு காலையில் பூசை, பின்னேரம் கம்யூனிசம். இரண்டும் ஒரே வளவுக்குள்தான்: முன்னால் மாதா கோவில், பின்னால் பங்கு மண்டபம். பாதர் எப்படி விட்டார் என்று கேட்டால் அக்காவுக்குச் சிரிப்பு வரும்.

"கூட்டம் முடியக் கதிரையளை ஒழுங்கா அடுக்கி வைக்கிற ஆக்கள் நாங்கள் மட்டும்தான். பாதருக்கு அது காணும்."

'செந்தடம்' வாசகர் வட்டம் என்பது அவர்களின் பெயர். லண்டனில் ஐந்து பேர், பாரிசில் நாலு பேர். பாரிஸ்காரருக்குத் தலைவர் கிருஷ்ணராசா. வீடுகளுக்குப் பெயின்ற் அடிப்பவர், பெரிய நாத்திகர். நெற்றியில் விபூதியோடு கூட்டத்துக்கு வந்த ஒரு தோழரை வட்டத்தை விட்டே கலைத்த மனுசன்! அவருடைய மகள் யசோதினியும் அக்காவின் மகன் ஜெரோசனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். கத்தோலிக்கம், சைவம் என்று இரண்டு வீட்டிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தோழர்களின் பிள்ளைகளாயிற்றே.

அந்த நேரம்தான் ஹவுன்ஸ்லோ விமான நிலையத்துத் துப்புரவு வேலைக்காரர் ஷிப்ட் பிரச்சினையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அக்கா அவர்களுக்குச் சோறு சமைத்துக் கொடுத்தார். கிருஷ்ணராசா பாரிஸ் விமான நிலையத்திலும் துப்புரவு வேலைக்காரரைக் கிளப்பிவிட்டார். எங்கேயோ ஒரு அலுவலகத்தில் ஒரு மேலதிகாரி, 'எல்லை கடந்த தீவிரவாதத் தொடர்பு' என்று தலையைப் பிடித்திருக்க வேண்டும். ஒன்பது பேரப்பா! அதிலே மூன்று பேருக்கு முழங்கால் வருத்தம்.

பிறகு வந்து சேர்ந்தவன்தான் நிர்மலன். ஜேர்மனியில் வளர்ந்த பிள்ளை என்றான். அதனால் ஊரிலே யாருடைய மகன் என்று எவராலும் விசாரிக்க முடியவில்லை. தங்கமான தோழர். மழையென்றும் பாராமல் துண்டுப்பிரசுரம் கொடுத்தான், தடித்த புத்தகங்களை மற்றவர்கள் புரட்டிப் பார்த்துவிட்டு வைக்க, அவன் மட்டும் கடைசிப் பக்கம்வரை வாசித்தான். மனோர் பார்க் முருகன் கோவிலில் இருந்து தோழர் குமுதினி கொண்டுவந்த பஞ்சாமிர்தத்தைக்கூட, "நான் நம்பிக்கை இல்லாத ஆள், அக்கா" என்று தொடாமல் விட்டான். மற்றவர்கள் வெட்கத்தோடு விரலை நக்கிக்கொண்டார்கள்.

மாதத்துக்கு ஒருதடவை பாரிசுக்கும் போய்வந்தான். மாரி தொடங்கிய கையோடு அக்காவின் காதுக்குள் குசுகுசுத்தான்: "நீங்கள் பொலிசுக்கு ஆள் எண்டு கிருஷ்ணராசா அண்ணை சொல்லித் திரியிறார்." பாரிசுக்குப் போய் இதையே தலைகீழாகச் சொன்னான். டொலறஸ்தான் அவரைப் பொலிஸ் ஆள் என்கிறாராம். இரண்டு பக்கமும் போன் நின்றது. கலியாணப் பேச்சும் நின்றது. ஜெரோசன் வீட்டில் சாப்பிடுவதை விட்டான். "Amma, just call him!" என்று அவன் கத்த, அக்கா குசினிக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். வாய்க்கு வாய் அண்ணை, அண்ணை என்று தான் கூப்பிட்ட மனுசன் இப்படிச் சொல்லிவிட்டாரே என்று நெஞ்சு எரிந்தது அவருக்கு.

கடைசியில் யசோதினி விடாப்பிடியாகத் தகப்பனை ரயிலேற்றிக் கொண்டுவந்தாள். தை மாதம், பங்கு மண்டபம். லண்டன் தோழர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அக்காவும் கிருஷ்ணராசாவும் ஆளுக்கொரு மூலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நடுவில் சாட்சிக்கு நிர்மலன்.

"நான் உப்பிடி ஒரு கதையும் சொல்லேல்லை" என்றார் கிருஷ்ணராசா.

"குடிச்சிருந்தியள் அண்ணை, மறந்துபோனியள்" என்றான் நிர்மலன், கண் கலங்க. பொய்க்கு உயிர் வரவேண்டுமென்றால் சின்னச் சின்ன விபரம் சேர்க்கவேண்டும் என்று எவனோ அவனுக்குப் பாடம் எடுத்திருக்கிறான். "நேரம் மாத்தின ஞாயிற்றுக்கிழமை. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு விட்ட அண்டைக்கு. பாரிஸ் லா சப்பல்ல, தமிழ்க் கடையிலை. ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி ரண்டு பிளேட் அடிச்சிட்டு, பியரும் கையுமாத்தான் சொன்னவர்."

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஏனென்றால் அந்த ஐப்பசி ஞாயிறு, கந்தசட்டியின் ஐந்தாம் நாள். கிருஷ்ணராசா, அந்தப் பெரிய நாத்திகர், ஆறு நாளும் ஒரு மிளகு, ஒரு குவளை பால் என்று விரதம் இருப்பவர். மனைவி வருத்தமாய்க் கிடந்தபோது வைத்த நேர்த்தி. கடைசி நாள் சூரன்போர் பார்க்க, 'கட்சி வேலை' என்று சொல்லிவிட்டு மனோர் பார்க்குக்கு வருவார். தங்குவது அக்கா வீட்டில். மச்சம் மாமிசம் படாத புதுச் சட்டியில் அக்காதான் பால் காய்ச்சிக் கொடுப்பார். அந்த ஞாயிற்றுக்கு அடுத்த நாள்கூட, சூரன்போருக்கென்று, வயிறு ஒட்டி, முகம் வாடி அக்காவின் வாசலில் வந்து நின்றவர்தானே! உலகத்தில் இது தெரிந்த ஒரே தோழர் டொலறஸ். ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று மாதா மேல் சத்தியம் செய்திருந்தார்.

ஒரு சொல் போதும். சொன்னால் மகனுக்குக் கலியாணம். ஆனால் விபூதிக்காக ஆளைக் கலைத்த மனுசன் அத்தனை பேருக்கு முன்னாலும் கூனிக்குறுகிப் போவார். கிருஷ்ணராசா அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அக்கா நிலத்தைப் பார்த்தார்.

"தம்பி சொல்லுறது சரியாத்தான் இருக்கும்" என்றார் அக்கா. "நான் ஒண்டும் கேக்கேல்லை. விடுங்கோ."

கிருஷ்ணராசா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"விடேலாது. தோழர்மாரே, அண்டைக்கு நான் கந்தசட்டி விரதம். ஒரு மிளகும் பாலும்தான். வருசா வருசம் பிடிக்கிறனான். இந்த மனுசிதான் எனக்குப் பால் காய்ச்சித் தாறது. இப்ப என்ரை மானத்துக்காகத் தன்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையையும் விடப் பாக்குது."

முதலில் குமுதினி இருமினாள்.

"நானும் விரதம்தான், அண்ணை."

"நானும்" என்றார் பின்வரிசைத் தோழர் கிருசாந்தன். "வீட்டிலை மனுசி விடாது எண்டு..." அவருக்கு மனைவியே கிடையாது. சிரிப்பு வெடித்தது. கிருஷ்ணராசாவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணால் தண்ணீர் ஓடியது.

பிறகுதான் எல்லாரும் ஒரேயடியாக நிர்மலனைத் திரும்பிப் பார்த்தார்கள். அத்தனை பேரிலும் கொள்கை பிசகாத கம்யூனிஸ்ட் அவன் ஒருவன்தான். மெதுவாக ஜக்கெற்றை எடுத்தான்.

"தம்பி" என்றார் அக்கா. "போகேக்கை கதிரையளை அடுக்கிப்போட்டுப் போம்."

அடுக்கினான். வழக்கம்போல ஒழுங்காகவே அடுக்கினான்.

கோடையில், அரசாங்க உளவாளிகளைப் பற்றிய விசாரணையில் வேலை செய்யும் சுப்ரியா என்ற வழக்கறிஞர் அக்காவுக்குப் போன் எடுத்தாள். நிர்மலன் அரசாங்கம் அனுப்பிய ஆளாம், லண்டனையும் பாரிசையும் பிரிப்பதுதான் அவனுக்குக் கொடுத்த வேலையாம். நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். மண்டபத்தில் சொன்னது மண்டபத்தோடு என்பது வட்டத்தின் தீர்மானம்.

"பிள்ளை இறைச்சி கொஞ்சம் கூடச் சாப்பிட்டிட்டுது" என்றார் அக்கா.

ஜெரோசனுக்கும் யசோதினிக்கும் ஆவணியில் கலியாணம் முடிந்தது. இந்தக் கந்தசட்டிக்குக் கிருஷ்ணராசா கட்சி வேலை என்று சொல்லவில்லை. சம்பந்தி வீட்டுக்குப் போகிறேன் என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டே வந்தார். சூரன்போர் அன்று காலை அக்கா பால் காய்ச்சி ஒரு குவளையை அவர் முன்னால் வைத்தார். இன்னொன்றைத் தன் முன்னாலும் வைத்துக்கொண்டார்.

"நீர் என்ன, சாப்பிடேல்லையோ?"

"இண்டைக்குப் பசிக்கேல்லை, அண்ணை" என்றார் அக்கா.