அண்ணனின் அலுமினியப் படகு

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைந்த இன்று, வீட்டுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும், அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். முறைப்படி இது அண்ணனின் மகள் எழுத வேண்டிய கட்டுரை. அவள்தான், "அத்தை, அப்பாவோட போட்டு பத்தி உங்களுக்குத்தான் முழுசா தெரியும், நீங்களே எழுதுங்க" என்று என் தலையில் கட்டிவிட்டாள். சேதி தெரிந்ததும் எங்கள் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் எழுதும்மா. அந்தப் போட்டு விஷயத்த மட்டும் உட்டுடு. நாலு பேரு படிப்பாங்க" என்றார். சித்தப்பா மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு. ஆனால் படகை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். படகு பிடிக்காதவர்கள் இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சாப்பாடு தயாராகத்தான் இருக்கிறது.

அண்ணன் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். அப்பா காலமானபோது அண்ணனுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதின்மூன்று. காரியம் முடிந்த மறுவாரமே அண்ணன் அப்பாவின் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தார். நம் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்பது உங்களுக்குத் தெரியும். வலது கரைக்கான நூலைக் கொண்டுபோகும் நாடாவைத் தள்ள, நெய்பவருக்கு வலப்பக்கம் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அங்கேதான் உட்காருவேன். அண்ணன் "ம்" என்றால் தள்ளுவேன். இடப்பக்கம் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் அவர் முழங்கையில் இடிப்பேன், குட்டு விழும். அந்தத் தறியில்தான் அம்மாவுக்கு மருந்தும் எனக்குக் கல்யாணமும் நெய்யப்பட்டன. கல்யாணத்துக்குப் பிறகும் என் கணவரின் தறியில் அதே வலப்பக்கம்தான் எனக்கு. இன்றும் அங்கேதான் உட்காருகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆன கையோடு அண்ணன் தறியை விட்டார். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வண்டிகளுக்குக் கூடு கட்டும் ஒரு தொழிற்சாலையில் அலுமினியத் தகடு வெட்டி ரிவிட் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். தறியை விட்டதற்காக அவர் கண் கலங்கினார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "காலு மரத்துப் போவாத வேலைம்மா" என்று என்னிடம் சந்தோஷமாகத்தான் சொன்னார். தினமும் விடியற்காலை பஸ் பிடித்துப் போய் வந்தார். எந்த வீட்டில் துக்கம் என்றாலும் முதல் ஆளாகப் போய்ப் பந்தல் போடுவார், கடைசி ஆளாகத் திரும்புவார். இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் வீட்டு வாசலில் அவர் பந்தல் கட்டியிருப்பார்.

படகு வந்த கதைக்கு வருகிறேன். ஒரு பெருமழை வருஷத்தில் எங்கள் தெருவுக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. மீட்கப் படகு வந்தது. அண்ணி நகைப் பையைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அண்ணன் படகின் பக்கவாட்டைக் கையால் தட்டித் தட்டிப் பார்த்து, "தம்பி, இது எத்தன கேஜ் தகடு?" என்று தகட்டின் கனத்தைக் கேட்கிறார். அண்ணி சொன்ன பதிலை மலரில் அச்சிட முடியாது.

அடுத்த ஆண்டே அண்ணனும் அவருடைய சிநேகிதர், வெல்டிங் பட்டறை மோசஸ் அண்ணனும் சேர்ந்து ஆளுக்கொரு படகு செய்துவிட்டார்கள். பன்னிரண்டு அடி நீளம், தட்டையான அடிப்பாகம். தண்ணீர் இறைக்கும் பழைய பெட்ரோல் இன்ஜினைப் பின்னால் பூட்டி, நீண்ட கம்பியின் முனையில் தண்ணீரைத் தள்ளும் விசிறி வைத்தார்கள். அதைப் பார்த்து ஓரிக்கையிலிருந்து ஒருவர், ஐயம்பேட்டையிலிருந்து இரண்டு பேர் செய்துகொண்டார்கள். ஆக, ஊருக்கு வெளியே உள்ள ஏரியில் ஓட்ட ஐந்து படகுகள். ஏரி நிரம்பி வழிவதை எங்கள் பக்கம் கோடி போவது என்போம். ஏரி கோடி போனதும் கரையில் அம்மனுக்குப் பொங்கல் வைப்பார்கள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில், மீன் வலை இல்லாத பக்கமாக, காலையில் ஒரு மணி நேரம் பந்தயம். கரையிலிருந்து கிளம்பி, தண்ணீருக்குள் பாதி முழுகி நிற்கும் ஒரு கருவேல மரத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். ஜெயித்த படகுக்கு ஒரு மாலை. தோற்றவர்கள் ஐந்து படகையும் கழுவ வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே ஆள் உட்கார்ந்தால் படகின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், வேகம் வராது. நடுவில் இன்னொரு ஆள் வேண்டும். எல்லோரும் பலசாலியான ஆளாகப் பார்த்து ஏற்றினார்கள். அண்ணன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நான் பொம்பளைண்ணா. வயசு நாப்பத்தஞ்சி ஆவுது" என்றேன்.

"எனுக்குப் பக்கத்துல ஒக்காந்து பழகுனவ நீ ஒருத்திதான். வா" என்றார்.

என் கணவர் சிரித்துக்கொண்டே, "போய்ட்டு வா, சேலைய இழுத்துச் சொருவிக்கோ" என்றார். போனேன்.

முதல் பந்தயத்திலேயே மானத்தை வாங்கினேன். அண்ணன் பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்து இன்ஜின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் நடுவில், யாரும் சொல்லாமலே வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டேன். மரத்தை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். அப்படித் திரும்பும்போது உள்ளிருப்பவர் இடப்பக்கம் சாய வேண்டும், இல்லாவிட்டால் படகு வெளிப்புறமாகக் கவிழ்ந்துவிடும். இதை முதல் நாளே பத்துத் தடவை சொல்லியிருந்தார். மரம் கிட்டே வந்தது. "இந்தாண்ட வா! இந்தாண்ட வாம்மா!" என்று கத்துகிறார். காதில் விழுகிறது, உடம்பு நகரவில்லை. முப்பது வருஷமாக இடப்பக்கம் சாய்ந்தால் குட்டு விழும் என்று பழகிய உடம்பு அது. இரண்டு பேரும் ஏரியில் விழுந்தோம். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்ததால் மிதந்தோம். அண்ணன் திட்டப் போகிறார் என்று பயந்தேன். அவர் தண்ணீரைக் கொப்பளித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் ஆளை மாற்றவில்லை. அடுத்த ஞாயிறு ஐந்து படகுக்காரர்களையும் நிற்க வைத்து, "ஏம்பா, கோயில்ல எப்பிடிச் சுத்துறோம்? வலமாத்தான? அம்மனுக்குப் பொங்க வெச்சிட்டு மரத்த மட்டும் அப்பிரதட்சணமா சுத்துனா நல்லாவா இருக்குது?" என்று கேட்டார். எல்லோரும் திகைத்துப் போனார்கள். ஆமாம், பெரிய தப்பு நடந்திருக்கிறது என்று ஓரிக்கைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மோசஸ் அண்ணன் மட்டும், "எனுக்கு எந்தாண்ட சுத்துனா இன்னா, எங்க சுத்துனாலும் ஜெயிக்கப் போறது நான்தான்" என்றார். அன்றிலிருந்து மரத்தை வலமாகத்தான் சுற்றுகிறார்கள். நான் வலப்பக்கமே சாய்ந்தால் போதும் என்று எனக்காகத்தான் அந்த விதி மாறியது என்பது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. மன்னித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மாலை எங்கள் படகுக்குத்தான்.

இத்தனை வயதில் இந்த வேகம் எதற்கு என்று ஒரு தடவை கேட்டேன். "நாளெல்லாம் குந்திக்கினு ஒரு மொழம் நெய்யிற ஊட்ல பொறந்தவன்மா நானு. கொஞ்சம் வேகமா போய்ப் பாத்துட்டு வரேனே" என்றார்.

அப்புறம் நெஞ்சுவலி வந்தது. பஸ் நிறுத்தத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அடைப்பு என்று ஸ்டென்ட் வைத்தார்கள். நடக்கலாம், படி ஏறலாம், பதற்றமான வேலை மட்டும் எதுவும் கூடாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள் அண்ணி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார். "நீ ஏறுனாத்தான் அவுரு ஏறுவாரு. நீ ஏற மாட்டேன்னு எனுக்குச் சத்தியம் பண்ணு. அவுராண்ட சொல்லாத" என்றார். சத்தியம் செய்துகொடுத்தேன்.

அந்தக் கார்த்திகையில் ஏரி கோடி போனது. அண்ணன் வந்து வாசலில் நின்றார். "இன்ஜினுக்கு எண்ணெ ஊத்தியாச்சி. வரியா?" என்றார். முழங்கால் வலி என்றேன். "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஞாயிறு கரையில் நின்று துண்டை வீசிப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தார். மோசஸ் அண்ணன் தன் படகில் ஏறச் சொல்லி எவ்வளவோ கேட்டும் ஏறவில்லை. படகு கழுவும் வேலையை மட்டும் அவர்களோடு நின்று செய்தார். அதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அவரை ஏற விடாதது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. அண்ணன் முகத்துக்கு நேரே பொய் சொன்னதுதான் மனதை அறுத்தது.

வாரக் கடைசியில் போய் அண்ணி இருக்கும்போதே உண்மையைச் சொல்லிவிட்டேன். அண்ணி என்னை முறைத்தார். பிறகு அழுதார். அண்ணன் கோபப்படுவார் என்று நினைத்தோம். அவர் அண்ணியைப் பார்த்து, "நீ பயந்தது சரிதான். ஆனா என்னாண்டயே கேட்டிருக்கலாமே, நான் இன்னா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?" என்றார். அண்ணி, "சொல்லியிருப்பீங்க" என்றார். அண்ணன் யோசித்துப் பார்த்து, "ஆமா, சொல்லியிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அண்ணன், தான் இனி படகில் ஏறுவதில்லை என்று அவராகவே சொன்னார். பதிலுக்கு ஒன்று கேட்டார். தங்கை ஓட்டட்டும், நீ அவளோடு ஒரு தடவை உட்கார்ந்து பார், நான் எதுக்காகப் போனேன் என்று தெரிய வேண்டாமா என்று அண்ணியிடம் கேட்டார்.

குளத்தில்கூடக் கால் நனைக்காதவர் அண்ணி. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்துக்கு வந்தார். பின்னால் இடப்பக்கம் நான், நடுவில் வலப்பக்கம் அண்ணி. முதலில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். பயப்படுகிறாரே என்று மரத்துக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தேன். திரும்பி, "ஏன் கொறைக்கிற? போ!" என்றார். ஐந்து படகில் ஐந்தாவதாக வந்து சேர்ந்தோம். கரையில் அண்ணன் துண்டைத் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டு ஜெயித்த மாதிரி கூத்தாடினார். "எப்பிடி இருந்துச்சி?" என்று அண்ணியைக் கேட்டார். அண்ணி முந்தானையைப் பிழிந்துகொண்டே, "சத்தம் ஜாஸ்தி" என்றார்.

தை பிறந்து சில நாட்களில், காலையில் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் சாய்ந்துகொள்கிறேன் என்று சொன்ன அண்ணன் எழுந்திருக்கவில்லை. ஏரியில் அப்போதும் தண்ணீர் இருந்தது.

அன்று ஓடிவந்து அண்ணனைத் தூக்கிய எதிர்வீட்டுக்காரர்களுக்கும், ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்கும், வேலையை விட்டுவிட்டு ஒரு பஸ் நிறைய வந்து நின்ற தொழிற்சாலை நண்பர்களுக்கும், பந்தல் போடும் ஆள் போய்விட்ட வீட்டுக்குத் தாமே வந்து பந்தல் போட்ட படகுக்காரர்களுக்கும், பதினாறு நாளும் அண்ணியைத் தனியே விடாத தெருப் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. மோசஸ் அண்ணனுக்கு நான் நன்றி சொன்னால் அடிக்க வருவார். ஆகவே சொல்லவில்லை.

இந்த முறை ஏரி சீக்கிரமே நிரம்பி ஐப்பசியிலேயே கோடி போனது. சேதி வந்த அன்று அண்ணி சமையலறையை விட்டு வெளியே வரவே இல்லை. ஏன் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. போன வாரம் இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் படித்துக் காட்டினேன். "எல்லாம் சரியா இருக்குது. ஒண்ணு மட்டும் சேத்துடு" என்றார்.

அண்ணன் போவதற்கு முந்தின மார்கழியில் அண்ணி அவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போயிருந்தாராம். அண்ணன் இ.சி.ஜி. எடுக்க உள்ளே போயிருந்த நேரத்தில், டாக்டரிடம் தனியாகப் போய்ப் படகைப் பற்றிக் கேட்டாராம். பந்தயம் வேண்டாம், ஆனால் மெதுவாக ஒரு சுற்றுப் போய் வரலாம், அடுத்த மழைக்கு உடம்பு தேறியிருக்கும், நீங்களும் கூடப் போங்கள் என்று டாக்டர் சொன்னாராம்.

"அண்ணனாண்ட ஏன் அண்ணி சொல்லல?" என்றேன்.

"ஏரி கோடி போற அன்னிக்கிச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். அவுரு மூஞ்சிய பாக்கணும்னு ஆசையா இருந்துச்சி" என்றார்.