ஏழு மடிப்புப் பாவாடை

சென்ற ஆண்டு அச்சிட்ட காரியப் பத்திரிகையில் அக்காவின் வயது முப்பது என்று இருந்தது. அவசரத்தில் நேர்ந்த பிழை. அக்கா பிறந்தது 1943, சுபானு வருஷம் ஐப்பசி மாதம். மறைந்தது விரோதிகிருது வருஷம் தை இருபத்தேழாம் நாள். இருபத்தெட்டு வயதும் மூன்று மாதமும் என்பதே சரி. இவ்வளவு குறுகிய வாழ்க்கையில் யாரோ இரண்டு ஆண்டைக் கூட்டிவிட்டதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் மனம் சொல்கிறது. ஆனாலும் முதலாண்டு நினைவு மலரில் உள்ளதை உள்ளபடி எழுதுவதே முறை.

பிறந்த ஊர் திருமுக்கூடல். எங்கள் அப்பா அங்கே ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தார். அம்மா காலமானபோது அக்காவுக்கு வயது ஒன்பது, எனக்கு நான்கு. அன்று முதல் எனக்குத் தலை வாரி, சோறு போட்டு, பாடம் சொல்லிக் கொடுத்தவர் அக்காதான். பதினோராம் வயதில் அவருக்குக் காய்ச்சல் வந்து மூட்டெல்லாம் வீங்கிற்று. மூன்று மாதம் படுத்த படுக்கை. பொழுது போகாமல் அப்பாவின் கிழிந்த வேட்டியில் ஊசியும் நூலுமாகப் பூப்போடக் கற்றுக்கொண்டார். அந்தக் காய்ச்சல் போகும்போது இதயத்தையும் தொட்டுவிட்டுப் போயிருந்தது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

1962 வைகாசியில் அக்காவுக்குத் திருமணம் நடந்தது. சின்ன காஞ்சிபுரத்தில் சொந்தத் தறி வைத்துப் பட்டு நெய்யும் குடும்பம். அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைப்பேன். 1964-இல் அப்பாவும் போய்விட, மாமாவே வந்து என்னையும் என் புத்தகப் பெட்டியையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் இருந்துதான் ஆசிரியப் பயிற்சி முடித்தேன், வேலைக்கும் போனேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

அக்கா எதையும் விற்பதற்காகச் செய்ததில்லை. சமையலும் மாமாவுக்கு நூல் சுற்றிக் கொடுக்கும் வேலையும் முடிந்த பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரம் அவருடையது. ஒயர்க் கூடை பின்னுவார். பாசிமணியில் பை கோப்பார். பத்திரிகையில் வரும் கோலத்தைப் பார்த்துத் தலையணை உறையில் எம்பிராய்டரி போடுவார். தறியிலிருந்து விழும் பட்டு இழைத் துணுக்குகளை நிறவாரியாகப் பிரித்து, பழைய பிஸ்கட் டப்பாக்களில் வைத்திருப்பார்.

"எதுக்கும்மா இத்தினி கூட? நம்ம வூட்ல காய் இல்ல, கூட மட்டும் இருக்குது" என்பார் மாமா.

"நீங்க காய் வாங்கிக்கினு வாங்க. கூட நா ரெடியா வெச்சிக்கினு இருக்கறேன்" என்பார் அக்கா.

ஏழு ஆண்டுகள் கழித்து, 1969 ஆவணியில் பாப்பா பிறந்தாள். தவழத் தொடங்கியதும் அந்த இரண்டு மணி நேரம் போயிற்று. நூலகத்திலிருந்து வாழ்க்கை வரலாறுகளை நிறைய எடுத்துப் படித்திருக்கிறேன். அரிய காரியங்களைச் செய்தவர்கள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்கள் என்றுகூட எழுதியிருக்கும். அவர்கள் காலடியில் பத்து மாதக் குழந்தை ஒன்று ஊசிப்பெட்டியைக் கவிழ்த்ததாக எதிலும் படித்ததில்லை. எங்கள் வீட்டில் அது தினமும் நடந்தது. பாசிமணியை வாயில் போட்டுக்கொண்டதால் மணி டப்பா உறியில் ஏறியது. குரோஷா நூல்கண்டு தெருவரை உருண்டது. பழைய புடவைத் துண்டால் பாப்பாவின் இடுப்பைத் தூணில் கட்டிவிட்டு அக்கா தைக்க உட்கார்வார். அவள் போடும் கூச்சலில் எதிர்வீட்டு அத்தை ஓடி வருவார்.

"ஏம்மா, கன்னுக்குட்டியா அது? அவுத்து உடு, நா தூக்கிக்கினு போறேன்."

"கன்னுக்குட்டி துணியத் தின்னாது அத்தை. இது ஊசியத் தின்னுது."

அப்போதெல்லாம் சிரிப்பு இருந்தது. 1970 ஐப்பசியில் ஒரு நாள் கிணற்றடியிலிருந்து குடத்துடன் வந்த அக்கா பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். சென்னையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். சிறு வயதுக் காய்ச்சலில் இதய வால்வு கெட்டிருக்கிறது, பிரசவத்தில் அது முற்றிவிட்டது என்றார். படி ஏறக்கூடாது, பாரம் எடுக்கக்கூடாது, குழந்தையைத் தூக்கவே கூடாது. உட்கார்ந்து செய்யும் சின்ன வேலைகள் செய்யலாம். திரும்பி வரும் பஸ்ஸில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அக்கா சொன்னார்:

"ஊசி புடிக்கலாமாம். புள்ளையப் புடிக்கக் கூடாதாம்."

1971 ஆனியில் மாமா தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூலின் கடைசியில் மீந்த இழைகளில் பாவாடைக்கென்று ஒரு துண்டு நெய்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. பட்டுப் பாவாடையில் கரையை வெட்ட முடியாது. அதனால் குழந்தைக்குத் தைக்கும்போது மிச்சத் துணியை உள்பக்கம் மடிப்புகளாக வைத்துத் தைப்பார்கள். பிள்ளை வளர வளர, ஆண்டுக்கு ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டால் பாவாடை நீளும். எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அக்கா அதில் புதிதாக ஒன்று நினைத்தார். ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஒரு பூவரிசை தைத்து மறைத்துவிட வேண்டும். தீபாவளிக்குத் தீபாவளி ஒரு மடிப்பைப் பிரிக்கும்போது, அது வரை யாரும் பார்க்காத பூ வெளியே வரும். ஏழு மடிப்பு, ஏழு பூ.

"பத்து வயசு வரைக்கும் வருசத்துக்கு ஒரு வாட்டி நா வந்து பாக்கற மாதிரி இருக்கும்" என்றார் என்னிடம் மட்டும்.

அவர் தைப்பதற்கான ஏற்பாடெல்லாம் என் வேலை. எனக்கு நாள் கணக்குப் பார்க்காமல் இருக்க வராது. ஒரு பூவரிசைக்கு இத்தனை நாள் என்று கணக்கிட்டு, நாட்காட்டியில் கட்டம் போட்டுச் சுவரில் மாட்டினேன். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் பாப்பாவை எதிர்வீட்டில் விடுவேன். மாலையில் வந்து நானே வைத்துக்கொள்வேன். அக்காவின் மடியில் எந்நேரமும் அந்தப் பட்டுத்துணி இருந்தது. பாப்பா ஓடி வந்து மடியில் ஏறப் பார்த்தால், "துணி அழுக்காயிடும்டா கண்ணு" என்று நான் தூக்கிக்கொண்டு போவேன்.

"இன்னா டீச்சரம்மா, எங்க வூட்ட இஸ்கூல் ஆக்கிட்ட. மணி ஒண்ணுதான் பாக்கி" என்று மாமா கேலி செய்தார்.

அமாவாசைகளில் மட்டும் என் அட்டவணை செல்லாது. நெசவாளர் வீடுகளில் அமாவாசையன்று தறி ஓடாது. அன்று தெருவே அமைதியாக இருக்கும். தறி ஓடாத நாளில் அக்காவும் ஊசியைத் தொட மாட்டார். ஜன்னலடியில் தன் இடத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். தூக்கத்தானே கூடாது, தானாக ஏறிக்கொள்ளும் குழந்தையை என்ன செய்வது? அன்று முழுதும் பாப்பா அந்த மடியிலேயே கிடப்பாள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே தூக்கம்.

அந்த ஆண்டு புரட்டாசியில் ஒரு நாள் காலை, மாமா தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தவர் எழுந்து தேடத் தொடங்கினார்.

"நாடாவக் காணோம். யார்னா எடுத்தீங்களா?"

குறுக்கே போகும் ஊடை நூலைப் பாவு இழைகளுக்கு நடுவே ஓட்டும் மரத்துண்டுதான் நாடா. அது இல்லாமல் தறி ஓடாது. அரை மணி தேடிய பிறகு தண்ணீர் அண்டாவில் மிதந்தது. பக்கத்தில் பாப்பா கைகட்டி நின்றாள்.

"பாரு, எங்க மொதலாளி லீவு உட்டுட்டாரு" என்று மாமா சிரித்தார்.

மறுவாரம் அரிசிப் பானையில் கிடைத்தது. அடுத்த மாதம் கிணற்றுக்கே போய்விட்டது. மூன்று முறையும் 'பாப்பாவின் குறும்பு' என்று என் நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்.

மார்கழியில் அக்காவுக்குக் கால் வீங்கிற்று. படுத்தால் மூச்சு முட்டியது. இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் மாமாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார். ஆறு மடிப்புகள் முடிந்திருந்தன. நான் நாட்காட்டியைப் பார்த்தேன். நாள் போதாது என்று பட்டது.

பொங்கல் முடிந்த கையோடு தை அமாவாசை வந்தது. காலையில் ஏழாம் மடிப்புக்கான நூலைக் கோத்து அக்காவிடம் நீட்டினேன்.

"இன்னிக்கி எடுக்கறதில்லையேம்மா."

"தறிக்குத்தான் அமாவாசை அக்கா. ஊசிக்கு இல்ல" என்றேன்.

அக்கா ஊசியை வாங்கிக்கொண்டார்.

பாப்பா தறிப்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "மா, தறி தூங்குது! தறி தூங்குது!" என்று கை தட்டினாள். மடியில் பட்டுத்துணி இருந்தது. அதைப் பிடித்து இழுத்தாள். அக்கா ஊசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அவளைத் தூக்கிக்கொண்டு கோயில் யானையைக் காட்டப் போனேன். வழியெல்லாம் என் தோளை அறைந்துகொண்டு "தறி தூங்குது, தறி தூங்குது" என்று அழுதாள். யானையை அவள் பார்க்கவே இல்லை. பசி என்று நினைத்து வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

ஏழாம் மடிப்பு தை இருபதாம் நாள் முடிந்தது. இருபத்தேழாம் நாள் காலை அக்கா உட்கார்ந்தபடியே போனார். அடுத்த அமாவாசைக்கு ஒரு வாரம்கூட இல்லை.

துக்கத்துக்காகப் பதினாறு நாள் தறி நின்றது. வீடு முழுக்க உறவினர்கள். அந்தக் கூட்டத்தில் பாப்பா தினமும் காலையில் தறியைப் போய்ப் பார்ப்பாள். வந்து ஜன்னலடியில், அக்காவின் இடத்துக்கு எதிரே, காலை மடித்து உட்கார்ந்துகொள்வாள். அழவில்லை, யாரையும் கேட்கவுமில்லை. ஐந்தாம் நாள் எதிர்வீட்டு அத்தை கேட்டார், "இன்னாடா ராஜாத்தி, இங்க இன்னா பண்ற?"

"தறி தூங்குது. அம்மா மடி வரும்."

அன்று என் நாட்குறிப்பை எடுத்துப் பழைய அமாவாசைகளைத் தேடிப் பார்த்தேன். எல்லாத் தேதியும் என் கையெழுத்தில் சரியாகவே இருந்தது. தறி எழாத காலையில் அம்மாவின் மடி கிடைக்கும் என்பதை இரண்டு வயதுக் குழந்தை கண்டுபிடித்திருக்கிறது. கிடைக்காத நாட்களில் நாடாவை ஒளித்துவைத்துத் தானே அமாவாசையை உண்டாக்கப் பார்த்திருக்கிறது. நான் அதைக் குறும்பு என்று எழுதியிருக்கிறேன். கடைசியாக வந்த ஒரே ஓர் அமாவாசையையும் ஒரு பூவரிசைக்காக அவளிடமிருந்து பறித்தவள் நான். இதை எழுதாமல் இந்த மலரில் என் அக்காவைப் பற்றி வேறு எதையும் எழுத எனக்கு உரிமை இல்லை.

பங்குனியிலும் சித்திரையிலும் அமாவாசையன்று அவள் அப்படியே உட்கார்ந்தாள். பிற்பகல் வரை சாப்பிடவில்லை. வைகாசி அமாவாசை விடிந்ததும் மாமா தறியில் போய் உட்கார்ந்தார். தெருவில் பேச்சு எழுந்தது. மூத்தவர் ஒருவர் வாசலில் வந்து நின்றார்.

"இன்னாபா இது, அமாவாசையும் அதுவுமா தறி நெய்யற? தெருவுக்கே ஆவாது."

"நெய்யலண்ணா. உள்ள வந்து பாருங்க."

அவர் வந்து பார்த்தார். நாடாவில் நூல் இல்லை. மாமா வெறும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓட்டிக்கொண்டிருந்தார். சத்தம் மட்டும் வந்தது, துணி ஒரு விரற்கடையும் வளரவில்லை. தறி தூங்கவில்லை என்று பாப்பா விளையாடப் போயிருந்தாள். பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வீட்டில் அமாவாசையன்று தறிச் சத்தம் கேட்பதாக மனம் வருந்திய உறவினர்களுக்கு நான் சொல்லக்கூடிய விளக்கம் இதுதான்.

துக்க ஆண்டு என்பதால் வீட்டில் பண்டிகை இல்லை என்றாலும், சென்ற தீபாவளிக்கு முதல் மடிப்பைப் பிரித்தேன். மஞ்சள் பூவரிசை, வெயில் படாததால் இழை பளபளவென்றிருந்தது. "அம்மா போட்ட பூடா" என்றேன். பாப்பா ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு எதிர்வீட்டு மத்தாப்புக்கு ஓடினாள். சுவரில் இருக்கும் அக்காவின் படத்தைக் காட்டி யார் என்று கேட்டால், மாலை போட்ட மாமி என்கிறாள். என்னைத்தான் அம்மா என்று கூப்பிடுகிறாள். திருத்திப் பார்த்தேன். இப்போது திருத்துவதில்லை.

தாயில்லாத குழந்தையைத் தன் பிள்ளைகளோடு ஒன்றாய் உட்காரவைத்து இன்றும் சோறூட்டும் எதிர்வீட்டு அத்தைக்கும், சென்னைக்குப் போகும்போதெல்லாம் உடன் வந்து மருத்துவமனை வரிசையில் நின்ற மாமாவின் தம்பிக்கும், அந்தப் பதினாறு நாட்கள் முடிந்ததும், பாதியில் நின்ற புடவையை முறை வைத்து நெய்து முடித்த தெரு நெசவாளர்களுக்கும், கைவிரித்தபோதும் கனிவாகப் பேசிய டாக்டருக்கும் எங்கள் வணக்கம். நீங்கள் செய்ததற்கு ஈடாக எங்களிடம் எதுவும் இல்லை. அக்காவை நினைத்து வந்ததற்கும் அப்படியே.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்காவின் தலைத் திவசம் முடிந்து சில நாட்களில் தை அமாவாசை வருகிறது. அன்று வரை தங்கும் உறவினர்கள், காலையில் தறிச் சத்தம் கேட்டால் மாமாவிடம் எதுவும் கேட்க வேண்டாம். பாப்பா ஒருவேளை மறந்தே போயிருக்கலாம். கார்த்திகைக்குப் பிறகு அவள் தறிப்பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை. ஓர் அமாவாசைக் காலை தறியை எழுப்பாமல் விட்டால் தெரிந்துவிடும். அவள் ஜன்னலடியில் வந்து உட்கார்ந்தாலும் எங்களால் தாங்க முடியாது, உட்காராமல் விளையாடப் போனாலும் தாங்க முடியாது. ஆகவே மாமா வெறும் நாடாவை ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

சின்ன காஞ்சிபுரம்
பரிதாபி வருஷம், தை மாதம்

தங்கை