பாதிச் சோறு

நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது நடந்தது. இருட்டில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. கரமனை ஆற்றில், உச்சி வெயிலில், படித்துறையில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. நடந்தது லிங்கத்துக்கு. அவன் இன்றும் உயிரோடு இருக்கிறான். அதை நினைத்தால்தான் எனக்குக் குமட்டுகிறது.

வருடம் எழுபத்து நாலு. லிங்கமும் நெல்லையப்பனும் ஆற்றில் மணல் வாரும் கூலிகள். இருவருக்கும் ஒரே வள்ளம். மூங்கில் கழியை ஊன்றி, அதைப் பிடித்துக்கொண்டு அடிவரை முங்கி, இரும்பு வாளியில் மணலை அள்ளி மேலே வர வேண்டும். ஒருவன் முங்கினால் மற்றவன் வள்ளத்திலிருந்து வாளியை வாங்குவான். சோறு கட்டிக்கொடுப்பது லிங்கத்தின் பெண்டாட்டி உலகம்மாள். அதுவும் ஒரே தூக்குச்சட்டி. சோற்றின் நடுவில் விரலால் கோடு கிழித்து, இந்தப் பக்கம் இவன், அந்தப் பக்கம் அவன். அயிலை மீனில் தலை மட்டும் இருவருக்கும் ஆகாது. ஆற்றில் வீசிவிடுவார்கள்.

சாயங்காலம் காலிச் சட்டியோடு நெல்லையப்பன் வீட்டுக்கே வருவான்.

"மைனி, இன்னைக்குக் குழம்புல சங்குமுகம் கடலையே கவுத்திட்டியளோ? அம்புட்டு உப்பு!"

"பின்ன எதுக்குச் சட்டிய வழிச்சு நக்கியிருக்கீரு, கொழுந்தனாரே?"

லிங்கம் பீடியை இழுத்துக்கொண்டே சிரிப்பான். சொந்த ஊரை விட்டு வந்த மூன்று பேருக்கும் அந்தச் சிரிப்புதான் சொந்தபந்தம். அதற்கு மேல் எதையும் அவர்கள் கேட்கவில்லை.

ஒருநாள் முங்கிய நெல்லையப்பன் மேலே வரவில்லை. தேடினார்கள். பிணம்கூடக் கிடைக்கவில்லை. ஆறு கடலுக்குக் கொண்டுபோயிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள். லிங்கமே காரியம் செய்தான். வேறு ஆளை வள்ளத்தில் சேர்க்கவும் அவனுக்கு மனம் வரவில்லை. உலகம்மாளின் கையோ பழக்கத்தில் இரண்டு பேர் சோற்றையே அள்ளி வைத்தது.

அவனும் பழக்கத்தில் கோடு கிழித்தான். தன் பாதியைத் தின்றான். மூடிவிட்டு முங்கினான். மேலே வந்தபோது சட்டி திறந்திருந்தது. மறுபாதியைக் காணோம்.

லிங்கத்துக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"வந்துட்டியால மக்கா..." என்றான்.

அன்று முதல் தினமும் பாதி வைத்தான். தினமும் காலியானது. நெல்லையப்பன்தான் வந்து தின்கிறான் என்று உலகம்மாளிடமும் சொன்னான். ஆனால்... தின்ற இடத்தில் நூல் நூலாக எச்சில் தொங்கியது. நத்தை ஊர்ந்த தடம் மாதிரி வழவழப்பு. மீனின் சதை தொடாமல் கிடந்தது. தலையை மட்டும் உறிஞ்சி, வெறும் கூடாக்கி, வள்ளத்தின் விளிம்பில் வைத்திருந்தது. செத்தவனுக்கு நாக்கு மாறியிருக்கும் என்று லிங்கம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சட்டியைக் கழுவும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

பிறகு ஒருநாள் சோற்றில் முடி கிடந்தது. இழுக்க இழுக்க வந்தது. முழ நீளம்.

"பாத்து ஆக்கமாட்டியாடி? சோத்துல முடி!"

உலகம்மாள் முந்தானையைத் தலையிலிருந்து இறக்கினாள். பிள்ளை வேண்டித் திருச்செந்தூரில் மொட்டை போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"எந்தத் தலையிலேருந்துங்க விழும்?"

நெல்லையப்பனும் ஒட்ட வெட்டின தலைக்காரன்.

"அது கொழுந்தனார் இல்லீங்க. நாளையிலேருந்து ஓராள் சோறுதான்."

"அவன் பட்டினி கெடக்கணுமா? கூடத் தின்னவன்டி."

மறுநாள் அவள் ஓராள் சோறுதான் வைத்தாள். லிங்கம் கோடு கிழிக்காமல் தின்று முடித்தான். முங்கினான்.

தண்ணீர் கலங்கியிருந்தது. காலில் மணல் தட்டியது. வாளியை அழுத்தினான்.

வாய்க்குப் பக்கத்தில் ஏதோ...

விரல்கள்.

உதட்டை மெல்லப் பிரித்தன. பிள்ளைக்கு ஊட்டுவது மாதிரி... அவ்வளவு பக்குவமாக.

ஓர் உருண்டை உள்ளே வந்தது.

சோறு. யாரோ மென்ற சோறு. அந்தக் குளிர்ந்த தண்ணீருக்கு அடியில்... வெதுவெதுப்பாக.

துப்ப மூச்சு இல்லை.

முழுங்கிவிட்டான்.

வள்ளத்தில் குப்புறக் கிடந்து, குடல் வெளியே வரும்வரை ஓக்காளித்தான். தண்ணீர் வந்தது. பித்தம் வந்தது. அந்தச் சோறு மட்டும் வரவே இல்லை.

அதோடு ஆற்றை விட்டான். கட்டட வேலைக்குச் செங்கல் சுமந்தான். இரண்டு வருடம் கழித்து, லாரியில் செங்கல் இறக்க விதுராவுக்குப் போனபோது, சந்தைக்குள் ஒரு குரல் கேட்டது.

"அண்ணாச்சி!"

நெல்லையப்பன். உயிரோடு. போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை என்றான். கட்டிப்பிடித்து அழுதான். சாப்பாட்டுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"செத்துட்டேன்னு காரியம் பண்ணினேன்ல! ஏம்ல ஓடின?"

"அடியில எதுவோ வாயில சோறு ஊட்ட வந்துச்சு அண்ணாச்சி. நான் வாயத் தொறக்கல. அக்கரையில ஏறினவன்தான்... அந்த ஆத்தத் திரும்பிப் பாக்கத் தைரியமில்ல."

லிங்கத்தின் கை இலையிலேயே நின்றது.

"அப்போ... என் சட்டியில தின்னது?"

நெல்லையப்பன் லிங்கத்தின் இலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பத்துலேருந்து அண்ணாச்சி... இதத் திங்கீரு?"

லிங்கம் குனிந்தான். அயிலையின் சதை தொடாமல் கிடந்தது. தலையைக் காணோம்.

அவன் பற்களுக்கு நடுவில் எதுவோ நொறுங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து உலகம்மாளிடம் கேட்டான். ஆற்றை விட்ட கொஞ்ச நாளிலேயே அவள் மீன் வாங்குவதை நிறுத்தியிருந்தாள். கேட்டால் விலை கூடிவிட்டது என்பாள்.

"தெரிஞ்சும் ஏண்டி என்கிட்டச் சொல்லல?"

"சொல்லணும்னுதாங்க கூப்பிட்டேன். நீங்க தலையத் திங்கும்போது உங்களத்தான் கூப்பிட்டேன்..."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏறிட்டுப் பாத்தது நீங்க இல்லீங்க."