பத்மா மாமியின் நீலக் கோட்டு

“இது யாரோடதும்மா?”

போன ஞாயிற்றுக்கிழமை டிரங்குப் பெட்டியைக் காலி செய்து துணிகளைப் பால்கனிக் கம்பியில் வெயிலுக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் பெண் உமா ஒரு குழந்தைக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கருநீலம், வெல்வெட் காலர், முன்னால் நான்கு பெரிய பித்தான்கள். ‘நாலு வயதில் நீதான் போட்டுக்கொண்டாய்’ என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யார் போட்டுக்கொண்டார்கள் என்றா கேட்டாள்? “போய்க் கணக்கைப் போடு” என்றேன். ஆறு வருஷமாக எனக்கே விடை தெரியவில்லை.

அந்துருண்டை வாசனை பட்டாலே எனக்குப் பம்பாய் மாதுங்காவின் அந்த மாதர் சங்கக் கூடம் ஞாபகத்துக்கு வந்துவிடும். எல்லையில் சண்டை நடந்த குளிர்காலம் அது. தினமும் மத்தியானம் ஜவான்களுக்காகப் பின்னுவோம். டிசம்பரில் ஃபேன் வேகத்தை ஒரு புள்ளி குறைத்தால் அதுவே எங்களுக்குக் குளிர்காலம். அப்படிப்பட்ட நாங்கள் இமயமலைக்கு ஸ்வெட்டர் பின்னினோம். நான் பின்னிய கையுறைக்கு ஆறு விரல். என்னைப் பின்னலிலிருந்து விலக்கி, வீடு வீடாக வந்து சேரும் கம்பளித் துணிகளைப் பிரித்து வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

அதே மாதம் நாங்கள் டில்லிக்குக் கிளம்ப இருந்தோம். கல்யாணமாகி முதல் முறையாக, ஊர் பார்ப்பதற்கென்றே ஒரு பயணம். கரோல்பாகிலிருந்து நாத்தனார் எழுதியிருந்தாள்: “குழந்தைக்கு நல்ல கோட்டாக் கொண்டு வா. இங்கே கார்த்தால குழாயைத் தொட முடியலை.” அந்த ஒரு வரி போதாதா எனக்கு? தாதரில் ஒரே கடைக்கு மூன்று முறை போனேன். ஒன்று கழுத்தில் உறுத்தும். ஒன்றில் இருந்த ரோமத்தைக் குழந்தை வாயில் வைத்துக்கொள்ளும். ஒன்றில் ஜிப், மோவாய்த் தோல் மாட்டிக்கொண்டால்? மாதுங்கா வாடிக்கையில் தமிழ் கற்ற குஜராத்திக் கடைக்காரர் கடைசியில் கோட்டை மடித்தபடியே சொன்னார்: “நீங்க பசந்த் பண்றதுக்குள்ள பாப்பாக்கு ஷாதி, கல்யாணமே ஆயிடும், பஹன்ஜி!”

பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் எங்கள் கட்டட மாடி வீட்டுப் பத்மா மாமி சங்கத்துக்கு இந்தக் கோட்டைக் கொண்டு வந்தாள். “டில்லியில இருந்தப்போ என் சித்ராவுக்கு வாங்கினது. பெட்டியில தூங்கறது. எங்கேயாவது ஒரு குழந்தை போட்டுக்கட்டுமே.”

காரியதரிசி மாமி சிரித்துவிட்டாள். “ஜவானுக்குக் கேட்டா பாப்பா சட்டையைக் கொண்டு வரேளே! எந்த ஜவானுக்குக் கை நுழையும் இதுல?” பிறகு என்னிடம், “பொடிசுகளோடதெல்லாம் அந்த மூலையில போடு. அப்புறம் பார்த்துக்கலாம்” என்றாள்.

மூலையில் போட்டேன். சாயங்காலம் எல்லோரும் போன பிறகு எடுத்துப் பார்த்தேன். உறுத்தவில்லை, ரோமமில்லை, ஜிப்பில்லை. பத்து நாளில் திரும்பக் கொண்டு வந்து வைத்துவிடலாம் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

மாமியிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். காப்பியும் கொடுத்துக் கோட்டையும் கொடுத்திருப்பாள். அதுதான் இன்றும் குத்துகிறது. என் கணவருக்கு இரவல் என்றால் ஆகாது. “ஏது இது?” என்று கேட்டார். “சங்கத்துல மிச்சமா இருந்தது” என்றேன். “மிச்சம்னா சரி” என்று பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

டில்லியில் உமா குளிரையே அறியவில்லை. புடவை மேல் அவருடைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு நான்தான் நடுங்கினேன். ஒரு காலை, கரோல்பாகில் ஒரு வீடு கட்டும் இடத்தில், உமா உயரத்தில் ஒரு பெண் குழந்தை தோளில் கோணிச் சாக்கோடு செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது. நான் குனிந்து உமாவின் கோட்டில் மேல் பித்தானைக் கழற்றினேன். “ஏம்மா?” என்றாள். மறுபடியும் போட்டுவிட்டேன். என்னுடையதில்லையே, நான் எப்படிக் கொடுப்பது என்று தோன்றியது. எடுக்கும்போது தோன்றாத நியாயம்.

திரும்பி வந்த மறுநாளே கோட்டைப் பையில் வைத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனேன். மூலை காலியாக இருந்தது.

“குழந்தைத் துணியெல்லாம் போன வாரமே போயாச்சே” என்றாள் காரியதரிசி மாமி. “வடக்கே மலைப் பக்கம், ஒரு அனாதைக் குழந்தைகள் விடுதிக்கு. பையில என்ன?”

“கறிகாய்.”

விலாசம் கேட்டு வாங்கித் தபாலில் அனுப்பியிருக்கலாம். எதற்கு என்று கேட்பாளே என்று பயந்தேன். வீட்டுக்கு வந்தால் மாடிப்படியில் பத்மா மாமி. “ஏண்டி, என் கோட்டும் போச்சோ?”

“போயிடுத்து மாமி, வடக்கே மலைப் பக்கம் ஒரு குழந்தைகள் விடுதிக்கு.”

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அதன் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் மாமி ஆரம்பித்துவிடுவாள். “இந்நேரம் அங்கே பனி கொட்டும். ஏதோ ஒரு குழந்தை என் கோட்டைப் போட்டுண்டு விளையாடிண்டிருக்கும், இல்லையா?” ஒரு வருஷம், “இப்போ அதுக்குக் கோட்டோட கை குட்டையாப் போயிருக்கும். அடுத்த பொடிசுக்குக் குடுத்திருப்பா” என்றாள். குழந்தை வளர்ந்துகொண்டே இருந்தது. கோட்டு எங்கள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. டில்லியில் உமாவை அந்தக் கோட்டோடு எடுத்த போட்டோவை நான் ஆல்பத்தில் ஒட்டவே இல்லை.

சண்டை நின்றதும் மத்தியானப் பின்னலும் நின்றது. கூடத்தில் இப்போது டைப்ரைட்டிங் வகுப்பு. தட்டல் சத்தம் தெரு வரை கேட்கிறது. காரியதரிசி மாமி செம்பூர்ப் பக்கம் குடி போய்விட்டாள். ஆறு விரல் கையுறையைச் சொல்லிக் கேலி செய்ய எனக்கு மிச்சமிருப்பது பத்மா மாமி ஒருத்திதான். அவளும் போகிறாள். சித்ராவுக்கு டேராடூனில் பிரசவம். மாமி அங்கேயே தங்கிவிடப் போகிறாளாம்.

நேற்று, முன்னதாகவே லாரியில் அனுப்பும் பாத்திரங்களைக் கட்ட உதவிக்குப் போனேன். மாமி திடீரென்று கையை நிறுத்தினாள். “அந்தக் கோட்டை மட்டும் வச்சுண்டிருக்கலாமோன்னு இருக்குடி. சித்ரா குழந்தைக்கு ஆகியிருக்கும்.” பிறகு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். “போறது. ஒரு குழந்தை அதுல கதகதப்பா இருந்ததே. அதுக்கு மேல என்ன வேணும்?”

நான் டம்ளர்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

கோட்டு நன்றாகத்தான் இருக்கிறது, பூச்சி அரிக்கவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தால் பேரக் குழந்தைக்கு ஆகும். ஆனால் ஆறு வருஷமாக மாமி வளர்த்த அந்த மலைக் குழந்தை அந்த நிமிஷமே இல்லாமல் போய்விடும். கொடுக்காவிட்டால் நான் பொய்க்காரியாகவே அவளை ரயிலேற்றிவிட வேண்டும். இதைப் படிக்கும் சகோதரிகளே, என் இடத்தில் இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்கு எழுதுங்கள். மாமி கிளம்ப இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.