மாப்பிள்ளை கேட்ட கறுப்புச் சக்கரம்

நாகர்கோவில் பக்கம் திங்கள்சந்தையில் ஞானசிங்கின் டயர் கடைக்கு வண்டியை விட்டவர்கள் ஒரு தடவையாவது அவரிடம் திட்டு வாங்கியிருப்பார்கள். நான் மூன்று தடவை வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஊர்ப்பிள்ளைகளை எல்லாம் திட்டுகிறவன், அவர் முன்னால் என் பழைய மாருதியோடு கைகட்டி நிற்பேன்.

வளைகுடாவில், தம்மாமில் பதினாலு வருடம் டயர் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். நுண்ணிய அளவு பார்க்கும் வெர்னியர் ஒன்று எப்போதும் கையில் இருக்கும். விற்றவன் சொன்ன அளவு, பெட்டியில் எழுதிய அளவு எதையும் நம்ப மாட்டார், தானே அளப்பார். புதுச் சக்கரத்தை மாட்டினால் நட்டுகளை முதலில் வெறும் விரலால்தான் சுற்றுவார். விரலுக்கு லேசாக ஏறாத நட்டை இயந்திரம் வைத்து ஏற்ற மாட்டார். வந்தவர் யாராக இருந்தாலும் சரி, "இது உமக்க வண்டிக்கு ஆவாது, எடுத்துட்டுப் போரும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கட்சிக்கொடி கட்டிய வண்டியையே அப்படித் திருப்பி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த வாய்தான் அவர் வீட்டில் பெரிய பிரச்சினை. மகள் ஸ்மைலின் நெய்யூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன வருடம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காரை விட்டு இறங்கும்போதே, "டயரு மொட்டையா கெடக்கு, இதுலயா பிள்ளையளையும் ஏத்திட்டு வந்திய?" என்று வாசலில் வைத்துக் கேட்டுவிட்டார். மறுநாள் தரகர் மூலம் 'வேண்டாம்' என்று பதில் வந்தது. அதற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனைவி சத்தியபாய்க்கு அந்த டயர் ஒன்றுதான் காரணம். அடுத்த சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் முன்னால் வாயைத் திறக்கக் கூடாது என்று வேதப்புத்தகத்தின் மேல் அவர் கையை வைத்துச் சத்தியம் வாங்கினாள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை என்பவர் கல்யாணம் முடியும்வரை மனிதரில்லை, கண்ணாடிப் பாத்திரம். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவோம்.

இந்த மாப்பிள்ளை பிரபின் கத்தாரில் வேலை செய்கிற பையன், நல்லவன். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை, கடைக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். கொச்சியில் கைமாறி வாங்கிய ஜப்பான் கார் அது. சிவப்பு நிறம், இரண்டே கதவு, தரையை ஒட்டிக்கொண்டு நிற்கும் ஸ்போர்ட்ஸ் வண்டி. பின்னாலேயே ஒரு குட்டியானை லோடு வண்டியில் நான்கு கறுப்பு அலாய் சக்கரங்கள் வந்தன. பத்தொன்பது அங்குலம். ஏதோ ஜெர்மன் காரில் இருந்து கழற்றியவை.

"இது கரெக்டா சேரும்ணு வித்தவன் சொன்னான் மாமா. உங்க கையால மாட்டித் தரணும். திங்கக்கெழம வட்டக்கோட்டைல ஃபோட்டோ ஷூட் இருக்கு. கல்யாணம் கழிஞ்சு மூணாறு போறோம்."

ஞானசிங் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கறுப்புச் சக்கரத்தைத் தூக்கி வைத்தார். நடு ஓட்டை அச்சில் அழகாக உட்கார்ந்தது. பார்த்தால் அந்த வண்டிக்கே செய்தது போல இருந்தது. முதல் நட்டு ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது சரிந்துகொண்டு நின்றது. அவர் அதை மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தார், மறுபடியும் சரிந்தது. சக்கரத்தை இறக்கி வெர்னியரால் அளந்தார். ஐந்து ஓட்டைகளும் நிற்கிற வட்டம் சக்கரத்தில் நூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர். வண்டியில் ஐந்து போல்ட்டும் நிற்கிற வட்டம் நூற்றுப் பதினாலு சொச்சம். இரண்டே கால் மில்லிமீட்டர்தான் வித்தியாசம்.

பிரபின் ஃபோன் பேச வெளியே போனபோது அவர் என் பக்கம் திரும்பினார்.

"சாரே, இது கொல்லுத சாமானம். மெஷின் வச்சு இறுக்கினா ஏறத்தான் செய்யும். நட்டு கோணலா உக்காந்து போல்ட்ட ஒரு பக்கமா இழுத்துட்டே கெடக்கும். ஓட ஓட ஒவ்வொண்ணா லூசாவும். பொறவு வீல் தனியா போவும்."

பிரபின் திரும்பி வந்தான். "எப்படி மாமா, கொள்ளாமா, நல்லாருக்கா?"

ஊரையே திட்டுகிற அந்த வாய் திறந்தது. "கொள்ளாம் மாப்பிள. வச்சிட்டுப் போங்க, பாக்கலாம்."

அவன் போனதும் நான் கேட்டேன். "ஏன் சொல்லல?"

"ஒம்பது நாளுதான் சாரே இருக்கு" என்றார்.

அதற்கு அடுத்த நான்கு நாளும் அவர் வேறு வேலை எதையும் தொடவில்லை. அந்த வண்டிக்குச் சரியான சக்கரம் தேடி மதுரை, திருவனந்தபுரம், சென்னை என்று ஃபோன் போட்டுக்கொண்டே இருந்தார். ஓட்டை வட்டம் சரியாக இருந்தால் சக்கரம் மட்கார்டுக்கு வெளியே துருத்தியது. அது சரியாக இருந்தால் உள்ளே பிரேக்கில் இடித்தது. எல்லாம் பொருந்தியது ஒன்று கோயம்புத்தூரில் கிடைத்தது. ஆனால் பதினெட்டு அங்குலம், வெள்ளி நிறம், சாதாரண வடிவம். பார்சலில் வரவழைத்து, வந்ததும் நாலையும் அளந்தார். சனிக்கிழமை பிரபினைக் கூப்பிட்டு, வண்டியில் ஒன்றை மாட்டிக் காட்டினார். ஐந்து நட்டும் விரலுக்கே வழுக்கிக்கொண்டு ஏறின.

இப்போதாவது சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சொன்னது இதுதான்:

"கறுப்பு கண்ணுக்கு ஒரு மாதிரியா இருக்கும் மாப்பிள. கல்யாணத்துக்கு வெள்ளிதான் ஐசுவரியம்."

பிரபின் மரியாதையாகச் சிரித்தான். "இது டாக்ஸிக்குப் போடுத வீலுல்லா மாமா. பரவாயில்ல, நான் வேற இடத்துல பாத்துக்கிடுதேன்."

கறுப்புச் சக்கரங்கள் நாலையும் குட்டியானையில் ஏற்றியது யார் தெரியுமா? ஞானசிங்தான். தன் கையாலேயே தூக்கி வைத்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்துக் கடையில் வாங்கிய சாயாவைக் குடிக்காமலேயே கீழே கொட்டினேன்.

"மூணாவது நட்டு ஏறாதுல்லா சாரே. வேற எவனும் மாட்ட மாட்டான்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். எவனும் அவரைப் போல விரலால் சுற்றிப் பார்ப்பதில்லை என்பது அவருக்கே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் போதகர் ஐயர் மூன்றாவது முறையாகக் கல்யாண அறிவிப்பை வாசித்தார். இந்த இருவரும் இணைவதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் அறிவிக்கலாம் என்று வழக்கம்போல நிறுத்தினார். எனக்கு முந்தின பெஞ்சில் ஞானசிங்கின் சட்டை முதுகு முழுவதும் வேர்வையில் ஒட்டியிருந்தது.

திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. பதினொரு மணிக்கு நான் கடையில் இருந்தபோது சத்தியபாயின் ஃபோன் வந்தது. கடை முழுக்கக் கேட்கும்படி சந்தோஷமாகக் கத்தினாள்.

"மாப்பிள ஸ்டேட்டஸ் பாத்தியளா? ரெண்டு பேரும் என்ன ஐசுவரியம்! போயி பாருங்க!"

பார்த்தோம். வட்டக்கோட்டையின் கல்மதில், அதன் முன்னால் சிவப்பு வண்டி, வண்டியில் சாய்ந்துகொண்டு பிரபினும் மாம்பழ நிறப் புடவையில் ஸ்மைலினும். நான்கு சக்கரமும் கறுப்பு. படம் போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

ஞானசிங் மகளுக்கு ஃபோன் அடித்தார். மணி அடித்து நின்றது. மாப்பிள்ளைக்கு அடித்தார், எடுக்கவில்லை. மகளுக்கே மறுபடியும் அடித்தார். அவசரத்தில் ஒரு தடவை வேறு யாருக்கோ போட்டுவிட்டார். நான் மாருதியை எடுத்தேன்.

இரணியல் தாண்டும்வரை அவர் ஃபோனைக் காதில் இருந்து எடுக்கவில்லை. ஸ்மைலின் குழந்தையாக இருந்தபோது பால்பல் ஆடினால்கூடத் தொட விடமாட்டாள் என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். ஆளூர் பக்கத்தில் திடீரென்று ஸ்மைலின் எடுத்தாள். ஸ்பீக்கரில் இருந்ததால் எனக்கும் கேட்டது.

"ஃபோன் பைல கெடந்துப்பா. சுசீந்திரத்துல ஜூஸ் குடிக்க நிக்கோம். என்னப்பா?"

"மக்ளே, வண்டில ஏறாத. அங்கேயே..."

"என்ன மாமா?" குரல் மாறியது. பிரபின் ஃபோனை வாங்கியிருந்தான்.

மாப்பிள்ளையின் குரலைக் கேட்டதும் ஞானசிங்கின் குரல் தணிந்தது.

"ஒண்ணுமில்ல மாப்பிள. சும்மாதான். ஒரு சின்ன விசயம். முடிஞ்சா அங்கேயே நில்லுங்க, நான் வாறேன்."

"எதுக்கு மாமா நீங்க அலையணும்? நாங்க அங்கதானே வாறோம். வீட்டுல பேசலாம்."

ஃபோன் வைக்கப்பட்டது. நான் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வாழ்க்கையில் முதல் முறையாக ஞானசிங்கைத் திட்டினேன். என்ன திட்டினேன் என்பதை இங்கே எழுத முடியாது. அவர் மறுபடி மறுபடி ஃபோன் அடித்தார். இரண்டு ஃபோனும் எடுக்கப்படவில்லை.

நாகர்கோவில் நெரிசலில் வண்டி மெதுவாகத்தான் வரும், அதுவரை பயமில்லை. ஊரைத் தாண்டினால்தான் ரோடு விரியும். அந்த வண்டியைக் கையில் வைத்திருக்கிற எந்தப் பையனும் அங்கே மிதிக்காமல் இருக்க மாட்டான். நான் அதற்கு முன்னால் போய்ச் சேரப் பார்த்தேன். முடியவில்லை. சுங்கான்கடைக்கு இந்தப் பக்கமே எதிரில் சிவப்பு தெரிந்தது. ஒரு பஸ்ஸை முந்திக்கொண்டு, பறந்துதான் வந்தது.

நான் நிறுத்துவதற்குள் ஞானசிங் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். நடுரோட்டில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். பஸ்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். பிரபின் பிரேக் போட்டான். வண்டியின் மூக்கு ஒரு பக்கமாக வெட்டியது, முன்பக்கத்தில் இருந்து 'கடக் கடக்' என்று ஒரு சத்தம் வந்தது. வண்டி அவருடைய முழங்காலுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது.

யாரிடமும் ஒன்றும் பேசாமல் அவர் முன் இடது சக்கரத்தின் பக்கத்தில் மண்டியிட்டார். ஸ்மைலின் உட்கார்ந்திருந்த பக்கம் அது. முதல் நட்டை விரலால் திருகினார், அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. மூன்றாவது சுற்றியது. வெறும் விரலுக்குச் சுற்றி, கழன்று, அவர் உள்ளங்கையில் வந்து விழுந்தது. நான்காவதும் அப்படியே வந்தது.

பிரபின் இறங்கி வந்து பார்த்தான். பார்த்ததும் ரோட்டோரக் கலுங்குத் திண்டில் உட்கார்ந்துவிட்டான்.

"நட்டு வட்டம் வேறயாக்கும் மாப்பிள. இது இந்த வண்டிக்கு ஆவாது" என்றார் ஞானசிங். ஆறு நாள் கழித்து, முதல் முறையாக.

"கறுப்பு நல்லாருக்காதுண்ணுதானே மாமா சொன்னீங்க?" அவன் குரல் உடைந்திருந்தது. "ஆவாதுண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் மாட்டுவேனா? இவளை ஏத்திட்டு வருவேனா?"

அவன் கேட்டது நியாயம். நானும் தெரிந்துதானே வாயை மூடிக்கொண்டிருந்தேன், எனக்கும் தலை குனிந்தது.

ஸ்மைலின் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பாவின் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஃபோட்டோவுக்குப் போட்ட மையெல்லாம் கண்ணுக்குக் கீழே கரைந்திருந்தது. அவர் உள்ளங்கையில் இருந்த நட்டுகளைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்ப்பா?"

"செவ்வாக்கெழமயே தெரியும்."

"வழியில போறவன் வந்து கேட்டா அந்த நிமிசமே சொல்லுவீங்களே."

ஞானசிங் அழுதார். அந்த ரோட்டில், அத்தனை வண்டிகள் பார்த்துக்கொண்டு போக, சத்தமாகவே அழுதார். "பயந்துட்டேன் மக்ளே. முந்தின சம்பந்தம் மாதிரி இதுவும் போயிருமோண்ணு பயந்துட்டேன்."

பிரபின் பக்கத்தில்தான் இருந்தான். அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"போனா போவட்டும்ப்பா. நான் இருப்பேன்லா."